நிலம் யாரைத் தண்டிக்கிறது?

1934 ஜனவரி 15 அன்று நிலநடுக்கத்தில் பீகார் குலுங்கியது. ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தாகூர் பதறிப்போய் எழுதிய மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே காந்தி வெளியிட்டார். தாகூர் கேட்டதில் கூர்மையானது ஒன்று உண்டு: தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் பூமி சினந்தது என்று சனாதனிகள் திருப்பிச் சொன்னால் என்ன செய்வது? எல்லாத் தரப்புக்கும் ஒத்து ஊதும் சாட்சியை எந்த நீதிமன்றமும் ஏற்காது. மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தையும் பாருங்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஊர்கள் அவை. நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். வழிபாட்டில் குறை வைக்காதவர்களைத் தண்டிக்கும் தெய்வத்தை எந்தச் சமயம்தான் வணங்கும்?

ஆனால் தண்டனை இல்லை என்றதும் ‘எல்லாம் ஊழ்’ என்று கையை விரிப்பதும் அதே சோம்பலின் மறுபக்கம். கில்லாரியில் நிலம் அசைந்தது ஊழ். ஆளைக் கொன்றது சேற்றில் அடுக்கிய பருங்கல் சுவரும் அதன் மேலிருந்த கனத்த மண் கூரையும். அது மனிதர் கட்டியது. அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது அந்த வட்டாரம். 2002 வரைபடத்தில் அந்த மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். எது ஊழ், எது வினை என்று பிரித்துக் காட்டுவதுதான் நில அதிர்வுப் பதிவின் வேலை. அறிவியல் வேலை என்று அதை ஒதுக்கிவிட முடியாது, அறத்தின் வேலையும் அதுவே.

கல்வராயன் மலையைச் சுற்றி இந்தப் பிரிப்பு சொல்லளவில் நிற்பதில்லை. மலைக்குத் தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வழியாக, மோயாறு, பவானி என்று மேற்கே நீளும் பழைய பாறைத் தழும்பு ஒன்று ஓடுகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் கருங்கல் குவாரியில் வெடி வைத்தாலும் நில அதிர்வைப் பதியும் கருவி துடிக்கும், பாறை வழுக்கினாலும் துடிக்கும். முதல் அலை பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும், அடுத்தது மூன்றரை. இரண்டுக்கும் 10 விநாடி இடைவெளி என்றால் அதிர்ந்த இடம் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திசை தெரியாது, மூன்று நிலையங்களாவது வட்டம் போட்டால்தான் புள்ளி சிக்கும். வெடி நாலாபக்கமும் தள்ளுவதால் முதல் அசைவு எங்கும் மேல்நோக்கியே இருக்கும். வழுக்கலில் சில நிலையத்தில் மேல், சிலவற்றில் கீழ். கணினி முன் உட்கார்ந்து இதைப் பிரிப்பவர் தத்துவம் பேசுவதில்லை. ஊழையும் வினையையும் அன்றாடம் தரம் பிரிக்கிறவர் அவர்தான். இரண்டுக்கும் நடுவே கோடு எப்போதும் தெளிவாக விழாது என்பதும் உண்மை. 1967இல் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் நிலம் நடுங்கியபோது பாறைக்குள் இருந்த இறுக்கம் இயற்கையுடையது, அதை அவிழ்த்துவிட்டதில் அணை நீருக்குப் பங்குண்டு.

‘நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாத கருவி எதற்கு? சாலைக்கே உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்த மலைக்கு இது ஆடம்பரம் இல்லையா?’ நியாயமான கேள்விதான். சாலை முதலில் வரட்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தச் சாலையோரம் எழும் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் எவ்வளவு கம்பி போடுவது என்பதை மண்டல வரைபடம் தீர்மானிக்கிறது, வரைபடத்தைப் பதிவு தீர்மானிக்கிறது. கோயம்புத்தூர் 1900இல் ஆடியது, புதுச்சேரிக் கடல் 2001இல். இத்தனை மெதுவான நிலத்தில் இன்று குறித்து வைப்பவர் பலனைக் காணமாட்டார். பலன் கருதாத வினை என்று நாம் மேடையில் புகழ்வது இதைத்தானே? வெடியை வழுக்கலிலிருந்து பிரிக்க உதவும் வகையில், குவாரி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெடி வைத்த நாளையும் நேரத்தையும் ஒழுங்காக எழுதி, கேட்பவர்களுக்கு மறைக்காமல் கொடுங்கள்.