தீப்பொறிக்கு யார் பொறுப்பு?

செயின்சாவின் சைலன்சர், சிலிண்டரை ஒட்டித் திருகப்பட்ட ஒரு சிறிய தகரப் பெட்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கக்கும் சூடான புகை அதற்குள் மோதி, வேகம் தணிந்து, சின்ன வாய் ஒன்றின் வழியாக வெளியேறும். அந்த வாயில் ஒரு கம்பிவலை இருக்கும். அதன் கண் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். எண்ணெய் எரிந்து படியும் கரி, கனன்ற துகளாக உதிர்ந்து சருகில் விழுந்துவிடாமல் தடுப்பது அந்த வலையின் வேலை. பெட்டியின் வாயைப் பெரிதாக்கினாலோ இன்னொரு துளை போட்டாலோ புகை தடையில்லாமல் போகும். எஞ்சினின் பலம் கூடும். அமெரிக்காவில் மரம் வெட்டுவோரிடையே இது பழகிப்போன வேலை. சொந்தக் காசில் வாங்கிய மெஷினை விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. இதற்கு உதவும் அளவுக்கு நுணுக்கமான விவாதம் யூத சட்ட மரபில் இருக்கிறது. அது பொருளின் உடைமையாளரிடமிருந்து தொடங்காமல், பொருளிலிருந்து வெளியேறும் சேதத்திலிருந்து தொடங்குகிறது.

கி.பி. 200 வாக்கில் ரப்பி யூதா தொகுத்த மிஷ்னா என்ற சட்டநூலில், சேதங்களைப் பற்றிய ‘பாவா காமா’ என்ற பகுதி உண்டு. அதன் ஆறாம் அதிகாரத்தின் பிற்பகுதி தீயைப் பற்றியது. கொல்லனின் சம்மட்டி அடியில் தெறித்த பொறி எதையாவது எரித்துவிட்டால் கொல்லனே ஈடு தரவேண்டும் என்பது அங்குள்ள விதி. சம்மட்டி அவனுடையது, பட்டறை அவனுடையது, தொழிலும் நேர்மையானது. ஆனாலும் விதி தளரவில்லை. சணல் ஏற்றிய ஒட்டகம் தெருவழியே போகும்போது, சுமை கடைக்குள் நீண்டு விளக்கில் பற்றிக்கொண்டால் ஒட்டகக்காரன் பொறுப்பு. கடைக்காரன் விளக்கை வெளியே வைத்திருந்தால் கடைக்காரன் பொறுப்பு. எது எவருடைய எல்லையைத் தாண்டியது என்பதைத்தான் ரப்பிகள் முதலில் பார்க்கிறார்கள்.

தன் நிலத்தில் மூட்டிய தீ எவ்வளவு தூரம் பரவும் என்று ஒருவன் எதிர்பார்த்திருக்க வேண்டும்? இதில் ஒருமித்த கருத்து இல்லை. ரப்பி எலியேசர் பதினாறு முழம் என்கிறார். ரப்பி அக்கிவா ஐம்பது முழம் என்கிறார். ரப்பி ஷிமோன் அளவு எதையும் ஏற்கவில்லை. எல்லாம் அந்தந்தத் தீயைப் பொறுத்தது என்பது அவர் கட்சி. காய்ந்த மலைச்சரிவில் ஓடும் செயின்சாவுக்குப் பொருந்துவது ஷிமோனின் கருத்துதான். ஈரம் சொட்டும் குளிர்கால மரக்கிடங்கில் அவிந்துபோகும் அதே துகள், கோடையில் கலிபோர்னியாவின் புல்வெளியில் ஒரு மலையையே எரித்துவிடக்கூடும். முழக்கணக்கு அங்கே செல்லாது.

மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தால்முத் இன்னும் ஆழமாகப் போகிறது. தீயை மூட்டியவன் எந்த அடிப்படையில் பொறுப்பாளி? அவன் எய்த அம்பு போன்றது அது என்கிறார் ரப்பி யோகனான். அவனுக்குச் சொந்தமான பொருள் செய்த சேதம் அது என்கிறார் ரேஷ் லாகிஷ். அம்பு எய்தவனின் விசையில் போகும், தீயோ காற்றில் பரவும், ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது அவருடைய ஆட்சேபம். வலை கழற்றிய மெஷினை ஒருவர் இரவல் கொடுத்து, இன்னொருவர் அதை ஓட்டி, தீப்பிடித்தால் இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விவாதமாக இருக்காது. யோகனானின் வழியில் பார்த்தால் விசையை அழுத்திய கை முன்னால் வரும். லாகிஷின் வழியில் பார்த்தால் மெஷின் யாருடையது என்பது முன்னால் வரும். இருவர் வழியிலும் தப்பிக்க முடியாத ஒருவர் உண்டு: வலையைத் தானே கழற்றி, தன் மெஷினைத் தானே ஓட்டுபவர்.

சைலன்சரைத் திறந்தால் கூடும் சத்தத்தின் கதை வேறு. பொது முற்றத்தில் கடை திறப்பவனை, வந்துபோகிறவர்களின் சந்தடியில் தூங்க முடியவில்லை என்று அண்டை வீட்டார் தடுக்கலாம் என்கிறது மிஷ்னாவின் இன்னொரு பகுதியான ‘பாவா பத்ரா’. ஆனால் சம்மட்டியின் ஓசையையோ, திரிகையின் ஓசையையோ, குழந்தைகளின் இரைச்சலையோ காட்டி அப்படித் தடுக்க முடியாது. உழைப்பின் ஓசைக்கு அங்கே தனி இடம் கிடைக்கிறது. இது நியாயமான சலுகை. பகலில் மரம் அறுப்பவரை இந்த மரபு எளிதில் குற்றவாளி ஆக்காது.

அறுப்பவரின் காது விஷயத்தில் அது கடுமை காட்டுகிறது. புதிய வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்கிறது உபாகமம் 22:8. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸ் அந்தக் கட்டளையை உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் விரித்தார். ஆபத்து எனக்குத்தானே, மற்றவர்களுக்கு என்ன என்று சொல்பவனுக்கு அவர் கசையடி விதிக்கிறார். முழு வேகத்தில் ஓடும் செயின்சா, ஓட்டுபவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில், காது மூடாமல் 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் இருக்கலாம். மேலும் 3 டெசிபல் ஏறினால் அதுவும் பாதியாகிவிடும். சைலன்சரைத் திறப்பவர் தன் கைப்பிடிச் சுவரைத் தானே இடிக்கிறார். காதுமூடி ஓரளவு அதை மீட்டுத்தரும்.

மெஷினுக்கு வரும் கேடும் உண்டு. புகைவழி அகன்றால் எஞ்சினுக்குள் காற்று அதிகம் வரும். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் உரசிப்போகும். துளை போடும்போது உதிரும் ஓர் இரும்புச் சீவல் உள்ளே விழுந்தாலும் அதே கதி. தன் மரக்கன்றுகளைத் தானே வெட்டுபவனைப் பற்றி மிஷ்னா தரும் தீர்ப்பு இங்கே பொருந்தும்: அப்படிச் செய்ய அவனுக்கு அனுமதி இல்லை, ஆனால் அவன் யாருக்கும் ஈடு தரவேண்டியதும் இல்லை.

நாட்டின் சட்டமே சட்டம் என்பது ஷ்முவேல் என்ற பாபிலோனிய அறிஞரின் புகழ்பெற்ற கோட்பாடு. அமெரிக்கத் தேசிய வனங்களில் தீப்பொறித் தடுப்பு இல்லாத எஞ்சினை இயக்கக் கூடாது. புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைச் செயலிழக்கச் செய்வதையும் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. இந்தக் கோட்பாட்டை ஏற்பவருக்கு இந்த விதிகளை மீறுவது மத நோக்கிலும் மீறலே.

ஆக, பலத்தைத் தேடுவது குற்றமில்லை. பலம் குறைந்த மெஷின்கள் பலவற்றில் கரி படிந்து அடைத்திருப்பது அந்த வலைதான். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டினால் இழந்த பலம் மீளும். அதற்கு மேலும் பலம் வேண்டும் என்பவருக்குப் பெரிய எஞ்சின் உள்ள மெஷின் கடையிலேயே கிடைக்கிறது. வலை இல்லாத செயின்சாவைச் சொல்லாமல் விற்பது, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே என்ற லேவியராகமக் கட்டளையை மீறுவதாகும். சொல்லி விற்றாலும் அதைக் காட்டுக்குள் கொண்டுபோக வாங்கியவருக்கு உரிமை கிடைத்துவிடாது.