வாக்களியாதோரின் மௌனம்

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் ‘உறங்காப்புளி’ என்று போற்றப்படும் பழம்பெரும் புளியமரம் ஒன்று நிற்கிறது. பிறந்தது முதல் பேசாதிருந்த ஒரு பிள்ளை அம்மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் வாய்திறவாது வீற்றிருந்தது என்றும், ஆன்மாவின் நிலைபற்றி மதுரகவி என்னும் முதியவர் ஒரு வினாவை எழுப்பியபோதுதான் முதன்முறையாக மறுமொழி கூறியது என்றும் வைணவ மரபு உரைக்கிறது. அப்பிள்ளையே நம்மாழ்வார். அது நம் சமய மரபு அன்று. எனினும் இவ்வாற்றங்கரையில் வாழும் எச்சமயத்தாரும் அறிந்த செய்தி. பேசாதவர் எல்லாரும் சொல்வதற்கு ஏதுமற்றவர் அல்லர். தம்மிடம் உரிய வினா கேட்கப்படாமையாலும் சிலர் வாய்மூடியிருக்கக்கூடும் என்னும் உண்மையை அது நமக்கு உணர்த்துகிறது.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு வாராதவர்களைப் பற்றி எண்ணும்போது இச்செய்தி நினைவுக்கு வருகிறது. 2024 ஏப்ரல் 19 அன்று நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தில் பதிவான வாக்குகள் 69.72 விழுக்காடு. 2019இல் அது 72.44 விழுக்காடாக இருந்தது. பதிவுபெற்ற பத்துப்பேரில் மூவர் வரவில்லை என்பது இதன் பொருள். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாடெங்கும் வாக்களித்தோர் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரே என்பதை எண்ணினால், நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். ஆயினும் வாராத அம்மூவர் யார்? அவர்களை வரவழைக்கத் தேர்தல் முறையில் எத்தகைய சீர்திருத்தம் வேண்டும்? இது நிர்வாக வினா மட்டுமன்று. அறநெறி வினாவும் ஆகும்.

கட்டாயம் தீர்வாகுமா?

வாக்களிப்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டும் என்பது அடிக்கடி எழும் கருத்து. ஆஸ்திரேலியா 1924இல் அவ்வாறு செய்தது. 1922இல் 60 விழுக்காட்டுக்கும் கீழிருந்த வாக்குப்பதிவு 1925இல் 91 விழுக்காட்டைக் கடந்தது. நம் நாட்டில் குஜராத் மாநிலம் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இத்தகைய சட்டத்தை 2009இல் இயற்றியது. 2014இல் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2015இல் உயர்நீதிமன்றம் அதன் செயற்பாட்டுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில், கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

ஆஸ்திரேலியாவின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அங்கே கட்டாயம் குடிமக்களை மட்டும் பிணிக்கவில்லை. தேர்தல் சனிக்கிழமையில் நடைபெறுகிறது. அஞ்சல்வழி வாக்கும் முன்கூட்டி அளிக்கும் வாக்கும் உண்டு. ‘நீ வரவேண்டும்’ என்று ஆணையிடும் அரசு, ‘நீ வருவதற்கு வழி செய்வேன்’ என்னும் கடமையையும் ஏற்றிருக்கிறது. அக்கடமையை ஏற்காமல் அபராதத்தை மட்டும் விதித்தால், அச்சுமை யார்மீது விழும்? கூலியை இழந்து வரமுடியாத ஏழைமீதே விழும்.

அபராதத்தால் ஆட்சிமுறையைச் செப்பனிடுவது நம் மண்ணுக்கும் புதிதன்று. ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சார்ந்த, திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையில் யார் அமரலாம் என்பதற்கு விதிகளை வகுக்கிறது. எந்தக் கருத்து எழுந்தாலும் ‘அல்ல, அல்ல’ என்று மறித்துச் சபையை முடக்குவோருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அது விதிக்கிறது. அச்சபை நிலப்பங்கும் வேதக்கல்வியும் உடைய சிலருக்கே உரியதாயிருந்தது. ஊரில் உழைத்த பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. எனினும் அவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் கூடிப் பேசி முடிவெடுப்பதைத் தடுப்பவனையே அத்தண்டம் தேடிச் செல்கிறது. நம் காலத்துச் சட்டமும் முதலில் தேடிச் செல்லவேண்டியவன் அவனே அல்லவா?

தடுக்கப்பட்டோரின் மௌனம்

வாக்களியாதோரின் மௌனம் ஒரே தன்மையுடையதன்று. முதலாவது, வர விரும்பியும் இயலாதோரின் மௌனம்.

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, குறிப்பாக வடமாநிலங்களில், பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே கூறினர். அவ்வாறு பதிவு செய்வதற்கு முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இசையவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெண்ணுக்குத் தனிப்பெயர் உண்டு, தனிமனச்சான்று உண்டு என்னும் கொள்கை சரியானதே. ஆனால் அக்கொள்கைக்கான விலையை அத்தேர்தலில் செலுத்தியவர்கள் அப்பெண்களே. 2025 இறுதியில் தமிழகத்தில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் எனக் காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்டோர் மீண்டும் விண்ணப்பிக்க வாய்ப்பும் தரப்பட்டது. பட்டியல் சுருங்கினால், ஒருவர்கூடக் கூடுதலாக வாராமலேயே விழுக்காடு உயரும் என்பதை நாம் மறக்கலாகாது. இறந்தவரின் பெயரை நீக்குவது நேர்மை. உயிரோடிருப்பவரின் பெயர் தவறி நீங்கினால், அவர் வாராதோர் கணக்கில்கூட எண்ணப்படமாட்டார்.

இம்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோரை எண்ணிப் பாருங்கள். மும்பையின் தாராவியில், சென்னையின் கடைவீதிகளில், திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில், வளைகுடா நாடுகளில் அவர்கள் உழைக்கின்றனர். தேர்தல் நாளில் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் ஒரு நாள் விடுப்பில் மும்பையிலிருந்து ஊருக்கு வந்து திரும்ப இயலுமா? வசிக்கும் இடத்திலேயே பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது ஒரு விடை. ஆனால் ஆண்டுக்கு ஓர் ஊர் மாறும் தொழிலாளிக்கு வசிக்கும் இடம் எது? உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் தொலைநிலை எந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்தது. பல கட்சிகள் ஐயமும் எதிர்ப்பும் தெரிவித்தன. எந்திரத்தை ஐயுறுவது தவறன்று. ஆனால் ஐயத்தோடு நின்றுவிட்டு, வேறு வழியைத் தேடாதிருப்பது தவறு.

சிறு ஏற்பாடுகளும் பெரும் பொருளுடையன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைக் கடந்தோரும் கடுமையான உடற்குறை உடையோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வகைசெய்யப்பட்டது. நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். 2019இல் தமிழகத்தின் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 நமக்குப் பெரிய வியாழனாக அமைந்தது. மதுரையில் சித்திரைத் திருவிழாவும் அதே நாளில் வந்தது. நாளை மாற்றவேண்டும் என்ற வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மதுரையில் மட்டும் வாக்குப்பதிவு நேரம் நீட்டிக்கப்பட்டது. ஆண்டவரின் இராவுணவை நினைவுகூரும் நாளிலும் நம் மக்கள் வரிசையில் நின்றனர் என்பது பெருமைக்குரியது. மக்களின் வழிபாட்டு நாள்களை அறிந்து நாள் குறிப்பதும் அரசின் மரியாதைகளுள் ஒன்றே.

இயலாமை மட்டுமன்றி, வன்முறையும் மக்களின் வாயை அடைக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் ஏறத்தாழ பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் பணியாற்ற முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் அத்தடை உடைந்தது. மானூர்ச் சபை தண்டம் விதித்தது இத்தகைய மறிப்புக்கே!

எதிர்ப்போரின் மௌனம்

இரண்டாவது, வேண்டுமென்றே வாராதோரின் மௌனம். தூத்துக்குடி மாவட்டத்தின் பொட்டலூரணி மக்கள், மீன்கழிவு ஆலைகளால் காற்றும் நீரும் கெடுகின்றன என்று முறையிட்டுவந்தனர். முறையீடு பயன் தராத நிலையில், 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். இவர்களைக் கடமை தவறியோர் பட்டியலில் சேர்ப்பது நியாயமா? சொந்த ஊரின் காற்றுக்காகப் போராடுவோர், பொதுநலனில் அக்கறையற்றவர் அல்லர். அவர்கள் வாராமையே ஒரு வாக்குமூலம்.

2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், எவரையும் ஏற்காதோர் அதனை மறைவாகப் பதிவு செய்ய ஏற்பாடு வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்படி ‘மேற்கண்ட எவருமில்லை’ என்னும் பொத்தான் வந்தது. ஆயினும் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் அப்பொத்தான் எத்தனை வாக்குப் பெற்றாலும், வேட்பாளருள் முதலிடம் பெற்றவர் வென்றவராவார் என்றே அன்று வகுக்கப்பட்டது. கேட்கப்படும், ஆனால் பொருட்படுத்தப்படாத மறுப்பு அது. மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு வேறு விதி வகுத்தன: அப்பொத்தான் முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடைபெறும். மறுப்புக்கு விளைவு உண்டு என்றால், புறக்கணிப்போர் பலர் சாவடிக்கு வந்தே தம் மறுப்பைப் பதிவு செய்வர். இது ஆய்ந்து பார்க்கத்தக்க சீர்திருத்தம்.

அலட்சியத்தின் மௌனம்

மூன்றாவது, வர இயன்றும், எதிர்ப்பு ஏதுமின்றியும் வாராதோரின் மௌனம். இங்கேதான் மனச்சான்று தட்டியெழுப்பப்பட வேண்டும். வாக்குரிமையைப் பொதுநலனுக்காகப் பயன்படுத்துவது உரிமையும் கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், வரி செலுத்துவதோடும் நாட்டைக் காப்பதோடும் வாக்களிப்பதையும் சேர்த்து நன்னெறிக் கடமையாகவே கூறுகிறது.

இருப்பினும் அலட்சியமும் காரணமின்றி வளர்வதில்லை. 2022 பிப்ரவரியில் நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநகராட்சிகளில் 52.22 விழுக்காட்டினரும், நகராட்சிகளில் 68.22 விழுக்காட்டினரும், ஆழ்வார்திருநகரி போன்ற பேரூராட்சிகளில் 74.68 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். பள்ளிகளும் ஊர்திகளும் செய்தித்தாள்களும் மிகுந்த மாநகரம் பின்தங்கியது, சிற்றூர் முந்தியது. ஏன்? சிற்றூரில் வேட்பாளரின் முகம் தெரியும். தெருவிளக்கு எரியாவிடில் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். தன் சொல்லுக்குப் பயன் உண்டு என்று அறிந்தவன் பேசுகிறான். 2016இல் நடந்திருக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல், திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுகள் மக்களிடம் எதையும் கேளாதிருந்துவிட்டு, அவர்கள் ஏன் பேசவில்லை என்று வினவுவது பொருந்துமா? உரிய காலத்தில் தவறாது தேர்தல் நடத்துவதே வாக்குப்பதிவை உயர்த்தும் முதற்சீர்திருத்தம் என்பேன்.

எண்ணிக்கை மட்டுமே அறம் ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு மிக உயர்ந்தது. ஆனால் அவ்வூரின் பெயர், வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்கே அடைமொழியாகிவிட்டது. பணப்பட்டுவாடாவின் காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 2017இல் ராதாகிருஷ்ணன் நகரிலும் 2019இல் வேலூரிலும் இரத்து செய்யப்பட்டது. விலைபோன வாக்கும் விழுக்காட்டில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. நூற்றுக்கு நூறு பேர் வந்தாலும், அவர்கள் உறைகளைப் பெற்றுக்கொண்டு வந்திருப்பின், அது மக்கள் குரல் ஆகாது. வாங்கியவரின் குரலே அங்கு ஒலிக்கும்.

ஆகவே, ஒரே மருந்தை மூவகை மௌனத்துக்கும் கொடுப்பது அநீதி. தடுக்கப்பட்டோருக்கு வேண்டுவது வழி. எதிர்ப்போருக்கு வேண்டுவது செவி. அலட்சியமுற்றோருக்கு வேண்டுவது, தம் வாக்குக்குப் பயன் உண்டு என்னும் நம்பிக்கை. அபராதம் இம்மூன்றில் எதையும் தருவதில்லை.

பொதுநிலையினராகிய நாம் அரசுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவை உள. வாக்காளர் பட்டியல் வெளியாகும் காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவின் பட்டியலை வாசித்துப் பார்க்கட்டும். கிறிஸ்தவர் பெயரை மட்டுமன்று, அத்தெருவில் வாழும் எல்லார் பெயரையும். விடுபட்ட கைம்பெண்ணுக்கும் படிப்பறியா முதியவருக்கும் விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கட்டும். எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று பீடத்திலிருந்து எவரும் கூறலாகாது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்று உச்சநீதிமன்றம் 2017இல் வரையறுத்ததையும் மதிப்போம். வாசலுக்கு வரும் உறையைத் திருப்பியனுப்பும் துணிவை இளையோருக்குக் கற்பிப்போம். நம் பகுதியில் ஓர் ஊர் தேர்தலைப் புறக்கணிக்கிறது என்று கேள்வியுற்றால், பழிப்பதற்கு முன் அவ்வூருக்குச் சென்று காரணத்தைக் கேட்போம். வாக்குச்சாவடிக்கு வாராத ஒருவரை மீண்டும் அழைத்துவரும் பணி, பெரும்பாலும் அவ்வாறு கேட்பதிலிருந்தே தொடங்குகிறது.