மனப்புண்ணும் மன்பதையின் கடனும்

போர்க்களத்தில் உடல் புண்பட்டானை உலகம் வீரனெனப் போற்றுகின்றது. அக்களத்திலேயே மனம் புண்பட்டு, கை நடுங்கி, நாக்குழறி, உறக்கமிழந்து மீள்வானைக் கோழையென இகழ்கின்றது. இருவகைப் புண்ணும் ஒரு காரணத்தாற் றோன்றியனவாக, ஒன்றற்குப் புகழும் மற்றொன்றற்குப் பழியும் உரியவாதல் யாங்ஙனம் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதல் உலகப்போர் (1914-1918) நிகழ்ந்தகாலை, ஆரி பார் என்னும் ஆங்கிலப் போர்வீரர், குண்டதிர்ச்சி எனப்பட்ட இந்நோயால் 1915-இல் மருத்துவமனையிற் பல திங்கள் கிடந்தார். மீண்டும் களத்திற்கு விடுக்கப்பட்ட அவர், 1916-இல் இனிப் பொறுத்தல் இயலாதெனக் கூறி முன்னணிக்குச் செல்ல மறுத்தார். படை நீதிமன்ற விசாரணை ஏறத்தாழ இருபது நிமிடத்தில் முடிந்தது. அவர்க்காக வாதிடுவார் ஒருவருமிலர். அவ்வாண்டு அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவிக்குரிய உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. நாணத்தால் அவ்வம்மையார் கணவர் முடிவைத் தம் மகட்கும் நெடுங்காலம் உரைத்திலர்.

அற்றேல், அஞ்சுவாரையெல்லாம் நோயாளரெனக் கொள்ளின் படை நிற்குமாறு என்னை எனின், கூறுதும்: குற்றமாவது அறிவும் விருப்பமும் கூடியவழி நிகழ்வது. இந்நடுக்கமோ, விருப்பத்தைச் செலுத்தும் கருவியாகிய மனமே முறிந்தவழித் தோன்றுவது. கால் முறிந்தானை நடந்திலன் என ஒறுப்பார் யாண்டுமிலர். நோயையும் நடிப்பையும் பிரித்தறிதல் அரிதெனின், அவ்வருமை ஆராய்ச்சிக்குக் காரணமாவதன்றிக் கொலைக்குக் காரணமாகாது.

இனி, இந்நோய்க்கு மருந்துதான் யாது? நீலகிரித் தோடரைப்பற்றி 1906-இல் நூல் வெளியிட்ட இரிவர்சு என்பார், அப்போர்க்காலத்தில் எடின்பரோவை அடுத்த கிரேய்க்லாக்கார்ட்டு மருத்துவமனையில் மருத்துவராயிருந்தார். கொடிய நினைவை அடக்கி மறக்க முயறல் நோயை வளர்க்கும் என்றும், அதனை எடுத்துரைத்துப் பொறுக்கத்தக்கதாக ஆக்கிக்கோடலே நலம் என்றும் அவர் கண்டார். அம்மருத்துவமனை படையதிகாரிகட்கே உரியதாயிருந்தமையும் நோக்கற்பாலது. எளிய வீரர்க்கு அப்பேறு கிட்டுதல் அரிதாயிற்று.

உரைப்பான் ஒருவன் உளனாயின் கேட்பாரும் வேண்டுமன்றே? வீடு திரும்பினான் நள்ளிரவில் அலறுங்கால் எழுந்து தேற்றுவாள் மனையாளே. காரணமறியாது அஞ்சி ஒடுங்குவர் மக்கள். அவர் போர்க்களம் புகுந்திலர். போரே அவர் இல்லம் புகுந்தது. ஆகலின் அவர்க்குச் செய்யும் உதவி இரக்கத்தின்பாற்படாது. போருக்கு விடுத்தாரது கடனேயாம். இவ்வுண்மை பையப் பைய உணரப்படுகின்றது. அமெரிக்க மனமருத்துவர் சங்கம், வியத்நாம் போர்க்குப்பின் 1980-இல் இந்நிலையைத் தன் நோய்த்தொகுப்பில் முறையாகச் சேர்த்தது. அந்நாட்டரசு 1979 முதல் நடத்திவரும் ஆறுதல் நிலையங்களில் வீரரேயன்றி அவர் குடும்பத்தாரும் துணை பெறுகின்றனர்.

பிரிட்டிஷ் அரசு 2006-இல், ஆரி பாரையும் அவர்போற் சுடப்பட்டாரையும் சேர்த்து 306 பேரைச் சட்டத்தால் மன்னித்தது. அந்நாள் அவர் மகட்கு அகவை 93. மன்னிப்பென்னுஞ் சொல் குற்றம் உண்மையைக் குறிக்கும். குற்றம் இல்வழி மன்னித்தற்கு யாதுளது? மன்னிப்பு வேண்டற்பாலார் அம்மகளாரும் அவர் தாயாரும் அல்லர். தாம் விடுத்த போரிற் புண்பட்டானைத் தாமே ஒறுத்தோர் என்க.