தைத்து உடுத்தல் தாழ்வா?

மாந்தர் உடுக்கும் ஆடைக்கு மூன்று பருவங்கள் உண்டு. புதுமை, பழமை, கிழிசல் என்பன அவை. புதிய ஆடையை எல்லாரும் போற்றுவர். பழைய ஆடையைப் பலர் பொறுத்துக்கொள்வர். கிழிந்த ஆடையைக் கையில் எடுக்கும்போதுதான் ஒருவரின் உள்ளப்பாங்கு வெளிப்படும். எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதா? ஊசியும் நூலும் கொண்டு தைத்து மீண்டும் உடுத்துவதா? கேட்பதற்கு இது சிறிய வினா. வீட்டுச் செலவைப் பற்றிய வினா என்று சிலர் ஒதுக்கியும் விடுவர். ஆயினும் பொருளோடும் பிறர் உழைப்போடும் மனிதன் கொண்டுள்ள உறவு முழுவதும் இச்சிறு வினாவினுள் அடங்கிக் கிடக்கிறது.

‘கூழானாலும் குளித்துக் குடி; கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியைத் தமிழ்ப் பிள்ளைகள் இளமையிலேயே கற்கின்றனர். தூய்மையை வற்புறுத்துவது என்றே அதற்குப் பொருள் கூறப்படுகிறது. அது தவறன்று. ஆனால் அதனுள் மற்றொரு கருத்தும் உண்டு. கந்தையை உடுத்துவது இழிவு என்று அப்பழமொழி கூறவில்லை. கந்தையைப் பேணாமல் விடுவதே இழிவு என்று அது குறிப்பால் உணர்த்துகிறது. இன்மை வேறு, இழிவு வேறு என்னும் தெளிவு அதில் இருக்கிறது.

செந்தூல் காட்டும் சான்று

இத்தெளிவுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரைச் சேர்ந்த செந்தூல், பழுதுபார்க்கும் தொழிலால் வளர்ந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா இரயில்வேயின் மையப் பட்டறை அங்கே அமைந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் இரயில்வே வேலையை நம்பி அவ்வட்டாரத்தில் குடியேறினர். நீண்ட தொலைவு ஓடித் தேய்ந்த இயந்திரங்களும் பெட்டிகளும் அப்பட்டறைக்கு வந்து சேரும். தேய்ந்த சக்கரம் கடையப்படும்; ஓட்டை விழுந்த தகட்டில் வேறு தகடு பொருத்தப்படும்; உளுத்த பலகை மாற்றப்படும். செப்பனிடப்பட்ட வண்டி மீண்டும் தண்டவாளம் ஏறும். அதைப் பார்த்து, “ஒட்டுப் போட்ட வண்டி” என்று எள்ளியவர் எவரும் இலர். அதைச் செப்பனிட்டவர் கைத்திறன் உடையவர் என்றே மதிக்கப்பட்டார்.

பகலில் பட்டறையில் நடந்த அதே வேலை, இரவில் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நடந்தது. எண்ணெய்க் கறை படிந்து முழங்கை தேய்ந்த வேலைச் சட்டை, முட்டி கிழிந்த பிள்ளையின் காற்சட்டை, ஓரம் பிரிந்த சேலை ஆகியவற்றை விளக்கொளியில் தைத்துக்கொண்டிருந்த தாய்மார் செய்ததும் செப்பனிடும் தொழிலே. இயந்திரத்தைச் செப்பனிட்டால் பெருமை, சட்டையைச் செப்பனிட்டால் சிறுமை என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்? ஒன்றுக்குக் கூலி உண்டு, மற்றொன்றுக்குக் கூலி இல்லை. வேற்றுமை அவ்வளவே. கூலி இல்லாத வேலையை இழிந்த வேலை என எண்ணும் பழக்கமே இப்பிழையான மதிப்பீட்டின் வேர்.

ஜப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை மலாயாவில் துணிப் பஞ்சம் கொடியதாக இருந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் சாக்குத் துணியை உடுத்தி மானம் காத்தனர். ஒரு முழத் துணியின் அருமையும் ஒரு பாகம் நூலின் அருமையும் அக்காலத்தில் வாழ்ந்தவர்க்கு நன்கு தெரியும். 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியபோது செந்தூல் பட்டறையின் பெரும்பகுதி அழிந்தது. போருக்குப் பின்னர் அது மீண்டும் எழுப்பப்பட்டது. பிறவற்றைப் பழுதுபார்த்த இடமே பழுதுபார்க்கப்பட்டது.

இந்நூற்றாண்டில் பட்டறைப் பணிகள் பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்கு மாறின. ஆயினும் செந்தூலில் பழைய இரயில்வே கட்டடம் ஒன்று இடிக்கப்படாமல் செப்பனிடப்பட்டு, 2005ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூர் கலை நிகழ்ச்சி மையமாக விளங்கி வருகிறது. பழைய செங்கற் சுவரோடு புதிய இரும்பும் கண்ணாடியும் அங்கே இணைந்து நிற்கின்றன. ஒட்டு மறைக்கப்படவில்லை. ஒட்டே அழகாகிவிட்டது. அக்கட்டடத்தைக் கண்டு வியப்பவர், ஒட்டுப் போட்ட சட்டையைக் கண்டு நகைப்பது முரண்பாடு அன்றோ?

துன்னம் என்னும் தொழில்

தைத்தலைத் ‘துன்னம்’ என்றும் தைப்பவரைத் ‘துன்னகாரர்’ என்றும் பழந்தமிழர் வழங்கினர். புகார் நகரின் தொழில் மாந்தரை அடுக்கிக் கூறும் இளங்கோவடிகள், துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். நகரின் சிறப்பைப் பாடுமிடத்தில் ஊசி பிடித்தவர்க்கும் இடம் தந்த பெருமை அக்காப்பியத்துக்கு உண்டு.

தமிழ்நாட்டுக்கு அப்பாலும் இதற்குச் சான்றுகள் பல. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்து உருவாக்கும் விரிப்புக்குக் ‘காந்தா’ என்று பெயர். கந்தை என்னும் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் அது நெருங்கியது. ஜப்பான் நாட்டின் வட பகுதி உழவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டு உடுத்திய ஆடைகள் இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. இங்கிலாந்தில் 1941இல் துணிப் பங்கீடு வந்தது. 1943இல் பழைய ஆடையைத் தைத்து உடுத்தும் முறைகளை விளக்கி அரசே சிறுநூல் வெளியிட்டது.

பௌத்தத் துறவியரின் சீவர ஆடை, துண்டு துணிகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைதியைப் பார்த்து அவ்வடிவம் அமைக்கப்பட்டது என்று வினய நூல் கூறும். அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. புதிய ஆடைகளைப் பெற்ற ஆனந்தரை நோக்கி, பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்று உதயண மன்னன் வினவினான். அவை விரிப்பாகும், விரிப்புப் பழையதானால் தரைவிரிப்பாகும், பின்னர்க் கால் துடைக்கும் துணியாகும், அதன் பின்னர்த் தூசி தட்டும் துணியாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து பூச்சுக்குப் பயன்படும் என்று ஆனந்தர் விடை கூறினார். மன்னன் மனம் நிறைந்தான். எதையும் வீணாக்காத கையில்தான் எதையும் நம்பிக் கொடுக்கலாம் என்பது அவ்விடையால் பெறப்படும் உண்மை.

ஊசி கற்பிக்கும் பாடம்

தைத்தலில் ஒழுங்கு உண்டு. கிழிசலின் விளிம்பில் ஊசியைக் குத்துதல் கூடாது. விளிம்பிலுள்ள இழை ஏற்கெனவே நலிந்தது. உறுதியான துணியில் சற்றுத் தள்ளித் தொடங்கி, கிழிசலைக் கடந்து, மறுபுறத்திலும் உறுதியான துணியில் முடித்தல் வேண்டும். துணியைவிட நூல் முரடாக இருந்தால், நூல் நிலைக்கும், துணி அறுபடும். துவைக்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் ஒட்டாக வைத்தால், முதல் துவைப்பில் அது சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும். பட்டுச் சேலையில் சிறு பொத்தல் விழுந்தால், வெளியே தெரியாத உள்முனையிலிருந்து ஓர் இழையை உருவி, நெய்தவர் சென்ற வழியிலேயே மேலும் கீழுமாக அதைச் செலுத்துதல் வேண்டும். குளிர்நாட்டார் அணியும் மென்மயிர்த் தோலாடையையோ மேலிருந்து தைப்பதே இல்லை. உட்துணியைப் பிரித்து, தோலின் உட்புறத்தைக் காண்பர். தோல் மென்மையாக இருந்தால் மயிரை ஒதுக்கி விளிம்புகளை நெருங்கத் தைத்து, மெல்லிய துணியை உள்ளே ஆதாரமாக வைப்பர். தோல் காய்ந்து மொரமொரத்துப் போயிருந்தால், ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் புதிய கிழிசலாகும்.

இம்முறைகளைக் கூர்ந்து நோக்கினால், அவை துணிக்கு மட்டும் உரியன அல்ல என்பது விளங்கும். நலிந்த இடத்தைக் குத்தாதே; உறுதியான இடத்தில் தொடங்கு. திருத்தும் கருவி திருத்தப்படுவதைவிட வன்மையாக இருத்தல் ஆகாது. வெளியே தெரியும் கிழிசலுக்கு உள்ளே காரணம் தேடு. மாணவரைத் திருத்தும் ஆசிரியர்க்கும் முறிந்த நட்பைச் சேர்க்க விழைவோர்க்கும் இவற்றினும் சிறந்த நெறிகள் வேறு உளவோ?

தடை விடைகள்

தைத்து உடுத்துவது கஞ்சத்தனம் என்பர் சிலர். கஞ்சன் செலவுக்கு அஞ்சிக் கிழிசலை அப்படியே விடுவான். தைப்பவரோ தம் நேரத்தையும் கவனத்தையும் அதற்குச் செலவிடுகிறார். பொருளைச் செலவிடாமல் தம்மையே செலவிடுபவரைக் கஞ்சர் எனல் பொருந்தாது.

எல்லாரும் பழையதையே உடுத்தினால் நெசவாளரும் தையற்காரரும் எவ்வாறு வாழ்வர் என்பது மற்றொரு தடை. இது எண்ணத்தக்கது. ஆனால் மலிவான ஆடைகளை வாங்கி விரைவில் எறியும் வழக்கம் அவர்களை வாழ வைத்துவிடவில்லை. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தின் டாக்கா நகர்ப் பகுதியில், ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவு என்பது, வாங்குபவர் கொடாத விலையை வேறு எவரோ கொடுப்பது. ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்து ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று கணக்கிடுவர். அச்சட்டையை ஒரு சிறு கிழிசலுக்காக எறிபவர், துணியை மட்டும் எறியவில்லை. உழவரின் வியர்வையையும் நெசவாளரின் கண்ணொளியையும் சேர்த்தே எறிகிறார். குறைவாக வாங்கி, தக்க விலை கொடுத்து, நெடுநாள் பேணுவதே உழைப்பாளியை மதிக்கும் வழி.

மூன்றாவது தடையே வலியது. வறியவர் வேறு வழியின்றித் தைத்து உடுத்தினர். கட்டாயத்தால் செய்ததை அறம் எனல் தகுமா? அவ்வாறு போற்றுவது வறுமையையே போற்றுவதாகாதா?

இதற்கு விடை காண்பார்க்குப் பொருநராற்றுப்படை வழி காட்டும். கரிகாற் பெருவளத்தானை நாடிச் சென்ற பொருநனின் ஆடை, வேற்று நூல் நுழைந்து, தையல் பல விழுந்து, வியர்வையில் ஊறிய கந்தை. மன்னன் அதனைக் கண்டு, “நன்கு தைத்திருக்கிறாய்” என்று பாராட்டி அனுப்பவில்லை. அதனை நீக்கி, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய புத்தாடையை உடுத்தச் செய்தான். தைத்து உடுத்தும் அறம் தனக்கு உரியது. பிறர்க்கு விதிக்கத்தக்கது அன்று என்பது இதனால் புலனாகும். தன் சட்டையைத் தைத்து உடுத்துபவன் சான்றோன். பிறன் கந்தையைக் கண்டு சிக்கனம் போதிப்பவன் சான்றோன் அல்லன். கட்டாயம் நீங்க வேண்டும். கட்டாயம் கற்பித்த கைத்திறன் நீங்கிவிடக் கூடாது.

ஊசி யார் கையில்?

‘தையல்’ என்னும் தமிழ்ச்சொல் தைத்தலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். சொல் ஒன்றாயிருத்தலால் தொழிலும் பெண்ணுக்கே உரியது எனக் கொள்ளுதல் பேதைமை. ஆனந்தர் ஆடவர். புகாரின் துன்னகாரரும் பெரும்பாலும் ஆடவராகவே இருந்திருத்தல் கூடும். வீட்டில் அனைவரும் உறங்கிய பின்னர்த் தாய் ஒருத்தி மட்டும் விழித்திருந்து தைப்பாளாயின், அங்கே பொருள் வீணாகவில்லை. ஓர் உயிரின் உறக்கம் வீணாகிறது. தன் சட்டையின் பித்தானைத் தானே தைத்துக்கொள்ள அறியாத மகன், எத்துணைக் கல்வி கற்றிருப்பினும் ஒரு பாடத்தில் தேறாதவனே.

பள்ளிக்கூடத்தில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. வெள்ளைச் சட்டையின் பையில் ஒட்டோடும், நீலக் காற்சட்டையின் முட்டியில் தையலோடும் ஒரு சிறுவன் வகுப்பில் நுழைகிறான். பின்வரிசையில் நகைப்பு எழுகிறது. சிறுவன் கையால் ஒட்டை மறைத்துக்கொள்கிறான். ஆடை நெகிழ்ந்தபோது விரைந்து காக்கும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அவ்வகுப்பிலோ ஒட்டை மறைக்க அச்சிறுவனுக்குத் தன் கையன்றி வேறு கை இல்லை. அந்நேரத்தில் ஆசிரியர்க்குரிய கடமைகள் இரண்டு. நகைத்தவர்க்கு அத்தையலின் அருமையை உணர்த்துதல் ஒன்று. எவரும் அறியாமல் அச்சிறுவனுக்குப் புத்தாடை கிடைக்கச் செய்தல் மற்றொன்று. முதற் கடமையை மட்டும் செய்தவர் அறிவுரையோடு நின்றவர். இரண்டாவதை மட்டும் செய்தவர் ஒரு சிறுவனுக்கு உதவியவர். ஆயினும் நகைப்பை வகுப்பில் விட்டுச் சென்றவர். இரண்டையும் செய்பவரே ஆசிரியர்.

தைத்து உடுத்தல் தாழ்வு அன்று. தைக்கும் நிலையில் ஒருவரை வைத்து நகைப்பதே தாழ்வு. இவ்வேறுபாட்டை இளைய தலைமுறை உணருமாயின், அவர்கள் கையில் ஊசியும் இருக்கும். பிறர்க்கு ஈயப் புத்தாடையும் இருக்கும்.