சாட்சியா, நீதிபதியா?

பிறரை ஏமாற்றுவது குற்றம் என்பதை யாவரும் ஒப்புவர். தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்வது குற்றமா, அன்றா? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டும் எழுவதன்று. நம் சோற்றுத் தட்டின் முன்னும் எழுவது. நீரிழிவு நோயுடையோர் நாள்தோறும் மும்முறை இதற்கு விடை கூறவேண்டியவராய் இருக்கின்றனர்.

இந்நோய் நமக்கு அயலானதன்று. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்தோருள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டெனக் காட்டிற்று. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் நீரிழிவின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. தோட்டத்து லயத்திலாயினும் பட்டணத்து அடுக்குமாடியிலாயினும் இந்நோய் எட்டிப் பாராத தமிழர் குடும்பம் அரிது.

நோயாளர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. நானும் அதற்கு விலக்கானவன் அல்லேன். ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாள் நெருங்கியதும், மூன்று நாள் முன்னரே சோற்றைக் குறைப்பேன், இனிப்பை விலக்குவேன். விரலில் குத்தி எடுத்த இரத்தம் நல்ல கணக்கைக் காட்டும். வைத்தியர் மகிழ்வார். திரும்பும் வழியிலேயே கடையில் புகுந்து, டின்பால் தாராளமாய் ஊற்றிய தே தாரேக் ஒன்றை வரவழைப்பேன். ஒருமுறை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையை வைத்தியர் செய்வித்தார். இரத்தத்தின் செவ்வணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வன. அவற்றில் ஒட்டிய சர்க்கரை மூன்று நாள் நோன்புக்கு மயங்குமோ? உண்மை வெளிப்பட்டது. வைத்தியர் கடிந்து ஒன்றும் கூறவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவே. நான் ஏமாற்றியது அவரையா? என் கண்களையும் சிறுநீரகத்தையும் கால்களையும் அன்றோ!

அதன் பின்னரே கையில் ஒட்டும் கருவியை அணிந்தேன். மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை அது. மயிரிழை போன்ற அதன் முனை தோலின் கீழ் நின்று, அணுக்களுக்கு இடையிலுள்ள நீரில் சர்க்கரையை இரவும் பகலும் அளந்து, கைத்தொலைபேசியில் கோடாக வரைந்து காட்டும். இரத்தத்தின் நிலையைச் சில நிமிடம் பிந்தியே அது கூறும். ஒரு வில்லை 14 நாள் உழைக்கும். வெறும் சோறும் குழம்பும் உண்ட நாளில் கோடு மலைபோல் எழுந்தது. கீரையும் பருப்பும் முதலில் உண்டு, சோற்றைப் பாதியாக்கி, பின்னர்ச் சிறிது நடந்த நாளில் அது மேடாய்த் தாழ்ந்தது. தட்டில் பாதி காய்கனி, கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பருப்போ என்று மலேசியச் சுகாதார அமைச்சு கூறும் ‘சுக்கு சுக்கு செபாரோ’வை நான் பன்முறை கேட்டதுண்டு, கண்டது அன்றுதான்.

‘காவலுக்கு அஞ்சி அடங்குவது ஒழுக்கமாகுமா? மனிதன் கருவிக்கு அடிமையாகலாமா?’ எனச் சிலர் வினவுவர். வினா தக்கதே. ஆனால், பிறர் வைத்த காவலுக்கு அஞ்சுவது வேறு. தன்மீது தானே ஒரு சாட்சியை அமர்த்துவது வேறு. முன்னது அச்சம்; பின்னது துணிவு.

எனினும் சாட்சியை நீதிபதியாக்கும் பிழையும் உண்டு. அதையும் நான் செய்தேன். நாளைக்கு ஐம்பது முறை கோட்டைப் பார்த்தேன்; ஏறினால் பாவி என்றும் இறங்கினால் புண்ணியவான் என்றும் என்னை எண்ணிக்கொண்டேன். ஓரிரவு மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் துறந்தேன். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே சென்றது, வேர்த்தது, கை நடுங்கிற்று. என் மனைவி மூன்று கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் புகட்டினாள். அவ்விரவில் சர்க்கரையே மருந்தாயிற்று! ஆகவே சர்க்கரை பாவமும் அன்று, அதைத் துறத்தல் புண்ணியமும் அன்று. அளவும் காலமும் அறிதலே அறம். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுவதன் கருத்தும் இதுவன்றோ?

பொறுப்பு நோயாளர் ஒருவரதே எனவும் எண்ணற்க. வீட்டிற்கு வந்தவரை ‘ஒருநாள் சாப்பிட்டால் என்ன?’ என்று வற்புறுத்தி, இலையில் கேசரியைக் குவிப்பதை நாம் விருந்தோம்பல் என்கிறோம். ‘தே ஓ கோசோங்’ கேட்பவரைக் கஞ்சர் என்று நகைக்கிறோம். அன்பின் பெயரால் செய்யும் இக்கொடுமை ஒழியவேண்டும்.

கருவியின் விலை நம்மவர் பலருக்கு எட்டாதது. அதனால் உண்மையும் எட்டாததாகி விடுமோ? விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவியும், உண்டதையும் கண்ட அளவையும் மறையாது எழுதும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ‘தலைவிதி’ என்று சோர்வதும் வேண்டா. பரம்பரையாய் வந்த நோய்க்கு வெட்கமும் வேண்டா.

தோழர்களே! அடுத்தமுறை வைத்தியரிடம் செல்லுமுன் மூன்று நாள் நோன்பு இருக்காதீர். உள்ள நிலையிலேயே செல்லுங்கள். அவரிடம் உண்மையுரைக்கும் துணிவு வந்தால், சோற்றுத் தட்டின் முன்னும் அது நம்மைக் கைவிடாது.