நாவின் குற்றமா?

பஸ்ஸை ‘வசு’ என்று சொல்லும் முதியவர்கள் யாழ்ப்பாணக் கிராமங்களில் உண்டு. அச்சொல்லின் முதலொலி தமிழ்ச் சொற்களின் தொடக்கத்தில் வருவதன்று. பழகாத நா அதனை வகரமாக்கிக்கொள்கிறது. ஆயினும் 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து, அதே ஒலியில் பிசகியவரைத் தமிழரென இனங்கண்டனர் கொலைஞர் என்பதைத் தப்பியவர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

ஆறு திங்கட் குழந்தை எந்த மொழியின் ஒலிகளையும் பெரும்பாலும் பிரித்தறியும். ஓராண்டு நிறைவதற்குள், வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாடுகள் அதன் செவிக்கு மங்கத் தொடங்குகின்றன. வளர்ந்தோர் தொடக்கத்தில் இலக்கணத்தை விரைந்தே கற்பர், ஒலிதான் வசப்படாது. இருபது வயதையொட்டி ஆங்கிலம் பயிலத் தொடங்கிய போலந்துக்காரர் ஜோசப் கொன்ராட் அம்மொழியின் பெருநாவலாசிரியருள் ஒருவரானார். அவர் பேச்சிலோ போலந்துச் சாயல் இறுதிவரை நீங்கவில்லை.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், நரைகண்ட தமிழ் எழுதுவினைஞர்கள் சிங்களப் பரீட்சைக்கு அமர நேர்ந்தது. ஒரு மொழியைக் கற்கச் சொல்வது தீதன்று, அது நல்லதுங்கூட. கல்லாவிடில் சம்பள உயர்வு இல்லை, வேலையும் இல்லை என்பதே தீது. வளர்ந்தவரிடம் பிசகற்ற ஒலியையும் எதிர்பார்ப்பதோ, வேறொரு தொட்டிலில் பிறந்து வா என்பதற்கு ஒப்பாகும்.

நம் வகுப்பறையில் இன்று சிறுவர் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் பயில்கின்றனர். ஒருவன் சொல்லில் பிசகினால் வகுப்புச் சிரிக்கிறது. நாமும் ஒருமுறை சேர்ந்து சிரித்தோம். தட்டுத்தடுமாறித் தமிழ் பேச முயலும் தென்னிலங்கையரைக் கண்டு நம் சந்தையிலும் அதே சிரிப்பு. வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்னும் நாம்!