அடிமரத்துக்குத் துணை வேர்



டுரியான் மரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் தெரியும். மழைக்காலத்தில் அடிமரத்துப் பட்டை அழுகி, செம்பழுப்பு நீர் கசியும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். ‘மரம் நல்லாத்தானே நிக்குது’ என்று விட்டுவிடுவோம். ஆனால் இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் அழுகிவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். பிறகு மரமே போய்விடும்.

வெட்டிப் போடுவது சுலபம். மரத்தின் அருமை தெரிந்தவர் அழுகலைச் சுரண்டி மருந்து பூசுவார். பக்கத்திலேயே இரண்டு மூன்று டுரியான் கன்றுகளை நடுவார். அவை வேர் பிடித்து வளர்ந்ததும் நுனியைச் சாய்வாகச் சீவி, காயத்துக்கு மேலே நல்ல பட்டையைக் கீறி, உள்ளே செருகி இறுக்கிக் கட்டுவார். பட்டைக்கு அடியில் மெல்லிய ஈரப் படலம் ஒன்று உண்டு. கன்றின் படலமும் மரத்தின் படலமும் தொட்டால்தான் ஒட்டும். ஒட்டிவிட்டால் கன்றின் வேர் பெரிய மரத்துக்குத் தண்ணீர் ஊட்டும். எல்லா மரமும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். ரொம்பவும் முற்றிப்போனால் கஷ்டம்தான்.

அந்தக் கன்றுக்கு இனி சொந்தக் கிளை கிடையாது. பழம் பெரிய மரத்தின் பெயரில்தான் விற்கும்.

திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் போனார்கள். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுததால் அவனுக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியே அக்காவை விட்டு வேறு வழி போனான். அம்மையார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகிட்டு, ஈசனிடம் தம்பிக்காக மன்றாடிக்கொண்டே இருந்தார். சூலை நோயில் துடித்து அவன் வந்து காலில் விழுந்தபோது பழைய கணக்கு எதுவும் கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் அழைத்துப் போனார். உள்ளே போனவர்தான் நம் அப்பர் பெருமான். பதிகங்கள் எல்லாம் தம்பி பெயரில். அக்கா ஒரு பதிகமும் பாடவில்லை.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். குண்டர் கும்பலில் சேர்ந்து, சிறைக்குப் போய்த் திரும்பிய பையன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கி நிற்கிறான். ‘இவன எதுக்குப்பா சேக்கிறீங்க, சங்கத்துப் பேரு கெட்டுடும்’ என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

‘தேவார வகுப்புக்கு வா’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி போடுவது ஒட்டுக் கட்டுவது ஆகாது. தூரத்தில் நட்ட கன்று மரத்துக்கு எட்டாது. தனி ஆளாகவும் வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள். வெள்ளிக்கிழமை அவன் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திக் கூப்பிடுங்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் வாரம் பேச மாட்டான், பரவாயில்லை. அடுத்த வெள்ளியும் போங்கள்.